யார் மடியில் காதுகுத்து?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, வம்சாவளி மென்பொருளில் யாரும் கண்டுகொள்ளாத வசதிகளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளிடமும் வேலை வாங்கத் தெரிந்த மனிதர் அவர். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்பதை நீங்கள் என்னைவிடச் சீக்கிரமாகக் கற்றுக்கொள்வீர்கள். எப்போது கையை மவுசிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தத் தொழிலில் தைரியசாலிகளால்தான் ஆபத்து என்பது என் அனுபவம்.

மதுரைக்காரர்களின் குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றுவது தனித் தலைவலி என்பதை இதற்குள் கண்டிருப்பீர்கள். இங்கே பிள்ளைக்குச் சாமி பெயரை வைப்போம், இல்லையென்றால் தாத்தா பாட்டி பெயரை வைப்போம். எந்த வீட்டு மரத்தை உலுக்கினாலும் மீனாட்சியும் பாண்டியும் கருப்பாயியும் கொத்தாக விழுவார்கள். மென்பொருளுக்கு நம் வழக்கம் தெரியாது. ‘இவர்கள் ஒரே ஆளாக இருக்கலாம்’ என்று சோடி சோடியாகப் பெயர்களை நீட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் மூன்று பட்டன்கள்: ‘இணை’, ‘வேறு ஆள்’, ‘பிறகு பார்க்கலாம்’. நம் அலுவலகத்தில் எல்லோரும் மொத்தமாக ‘வேறு ஆள்’ என்று தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன்.

இன்னொரு இடம் ‘புதிய நிகழ்வு’. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை மென்பொருளில் தயாராகவே இருக்கும். அவற்றுக்குக் கீழே, நமக்கு வேண்டிய சடங்கை நாமே சேர்த்துக்கொள்ள ஒரு சின்ன வரி உண்டு. அங்கே நான் காதுகுத்தைச் சேர்த்து, கலந்துகொண்டவர் என்ற இடத்தில் மடி கொடுத்த தாய்மாமன் பெயரைப் போட்டுவிடுவேன். “அக்கா, கறிச்சோறு எம்புட்டுப் பேருக்குப் போட்டாகன்னும் கேட்டு எழுதிக்கங்க” என்று கேலி செய்வார்கள். கேலியாக இருக்கலாம். ஆனால் நம் ஆட்களிடம் பாட்டி பிறந்த வருஷத்தைக் கேட்டுப் பாருங்கள், வானத்தைப் பார்ப்பார்கள். யார் மடியில் வைத்துக் காது குத்தினார்கள் என்று கேளுங்கள். மாமன் தாமதமாக வந்தது, சீர் குறைந்தது, பந்தியில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தது என்று அன்றைய சண்டை முழுவதும் வந்து விழும்.

இந்த இரண்டு வசதிகளும் சேர்ந்து என்னை ஒரு வாரம் சோறு தண்ணீர் இல்லாமல் அலைய விட்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கோச்சடையிலிருந்து பவித்ரா என்ற பெண் வந்தாள். தனியார் வங்கியில் வேலை. கூட வேலை பார்க்கும் சரவணனுடன் கல்யாணம். இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறதே, மண்டபத்து வாசலில் பெண் வீட்டு மரம் இடது பக்கம், மாப்பிள்ளை வீட்டு மரம் வலது பக்கம், கீழே இரண்டும் வந்து சேரும் இடத்தில் மணமக்கள் படம் என்று பெரிய பிளெக்ஸ் வைப்பது, அதுதான் அவளுக்கு வேண்டும். அதைக் கேட்கும்போதே அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“எங்கப்பா லேசுல ஒத்துக்கலக்கா. ஒரே சனம்தான், இருந்தாலும் அசலு, அசல்ல எப்படிக் குடுக்கிறதுன்னு பிடிவாதமா இருந்தாரு. நான் அழுதது எனக்குத்தான் தெரியும். ரெண்டு குடும்பமும் ஒரே பலகையில இருக்கிறத அவரு பாக்கணும்.”

அசல் என்றால் உறவில்லாதவர்கள். உறவே இல்லை என்பதுதான் அவளுடைய அப்பாவின் குறை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டு விவரங்களை அவளுடைய அம்மா விஜயலட்சுமி போனில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு விவரங்களைச் சரவணனின் அம்மா பஞ்சவர்ணம் சொன்னார். அழகர்கோவில் போகிற ரோட்டில் தேங்காய் பழக் கடை வைத்திருப்பவர். யாவாரத்துக்கு நடுவே துண்டு துண்டாகப் பேசினாலும் தெளிவாகச் சொன்னார். பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டார்கள். வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். பிளெக்ஸ் அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

இரண்டு மரங்களையும் ஒரே கோப்பில் போட்டதும் வழக்கம்போல ‘ஒரே ஆளாக இருக்கலாம்’ வரிசை நீண்டது. மீனாட்சிகளைத் தள்ளினேன். பாண்டிகளைத் தள்ளினேன். அப்புறம் இரண்டு அழகம்மாள் வந்தார்கள். இருவருக்கும் பிறந்த ஊர் திருவாதவூர்.

ஒருவர் பவித்ராவின் அம்மாச்சி பேச்சியைப் பெற்றவர். பேச்சி கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார் என்று விஜயலட்சுமி சொல்லியிருந்தார். படம் கிடையாது, வெறும் சாம்பல் நிறக் கட்டம். இன்னொருவர் சரவணனின் அம்மாச்சியைப் பெற்றவர். பேரன் பேத்தி எடுத்து, கிழவியாகி இறந்தவர். ஸ்டூடியோவில் எடுத்த படம் இருந்தது. புருஷன் பெயரும் வேறு வேறு. ஒருத்தி இளவயதில் செத்திருக்கிறாள், மற்றவள் வாழ்ந்து முடித்திருக்கிறாள். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ‘வேறு ஆள்’ பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன். பழக்கதோஷம், பிள்ளைகளின் காதுகுத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன்.

பேச்சிக்கு மடி கொடுத்த தாய்மாமன், கிணறு வெட்டும் சோணை. சரவணனின் அம்மாச்சிக்கு மடி கொடுத்த தாய்மாமன், கிணறு வெட்டும் சோணை.

இரண்டு வரிகளையும் மறுபடி வாசித்தேன். சோணை என்ற பெயர் இந்தப் பக்கம் தெருவுக்கு ஒருவருக்கு உண்டு. ஆனால் ஒரே ஊரில், ஒரே தொழிலில், அழகம்மாள் என்ற தங்கச்சியோடு இரண்டு சோணை இருப்பார்களா?

மூலக் கோப்பில் கை வைக்காமல் நகல் ஒன்று எடுத்துக்கொண்டேன். நகல் எடுக்கிற வசதியையும் யாரும் பயன்படுத்துவதில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகலில் இரண்டு அழகம்மாளையும் இணைத்துவிட்டு, பவித்ராவுக்கும் சரவணனுக்கும் என்ன உறவு என்று மென்பொருளைக் கேட்டேன். தூரத்து கசின் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. அதற்கு அவ்வளவுதான் தெரியும். அக்காள் தங்கை பிள்ளைகளும் கசின்தான், அண்ணன் தங்கை பிள்ளைகளும் கசின்தான் அதற்கு. நமக்கு அப்படியா? அழகம்மாள் ஒருத்திதான் என்றால் இரண்டு அம்மாச்சிகளும் அக்காள் தங்கை. அவர்கள் பெற்ற விஜயலட்சுமியும் பஞ்சவர்ணமும் அக்காள் தங்கை முறை. அப்படியானால் பவித்ராவும் சரவணனும் அண்ணன் தங்கை.

பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. அந்தப் பெண்ணின் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் மென்பொருளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? வேற ஆளுன்னு போட்டு அச்சுக்கு அனுப்புங்க. கேட்டா அவுக சொன்னதத்தான் போட்டோம்னு சொல்லிக்கலாம்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முறை பார்ப்பது நம் வேலை இல்லை. ஆனால் எனக்கு மண்டபத்து வாசல் கண்ணில் வந்தது. கணினியில் இருப்பதை நாம்தான் பார்க்கிறோம். பிளெக்ஸை ஊரே பார்க்கும். திருவாதவூரிலிருந்து மொய் எழுத வந்த யாரோ ஒரு பெரிய மனிதர், சந்தனத்தைப் பூசிக்கொண்டு நின்று நிதானமாக வாசிப்பார். இந்தப் பக்கம் ஒரு அழகம்மாள், அந்தப் பக்கம் ஒரு அழகம்மாள், நம்ம சோணை தங்கச்சியில்ல இது என்று உரக்கக் கேட்பார். உள்ளே கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பவித்ரா மணவறையில் உட்கார்ந்திருப்பாள். இதை நினைத்தபோது ‘வேறு ஆள்’ பட்டனை அழுத்த எனக்குக் கை வரவில்லை. ‘இணை’ பட்டனை அழுத்தி ஒரு கல்யாணத்தை நிறுத்த நான் யார்? ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை அழுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அழகர்கோவில் பஸ் ஏறினேன்.

ஏன் முதலில் பஞ்சவர்ணத்திடம் போனேன் என்று கேட்பீர்கள். பவித்ராவிடம் போயிருந்தால் சந்தேகத்தை மட்டும்தான் கொடுத்திருப்பேன். உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. விவரம் தந்தவரிடம், தனியாக, நேரில். இது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. விவரம் தந்த இரண்டு பேரில் அழகம்மாளை நேரில் பார்த்திருக்கக்கூடியவர் பஞ்சவர்ணம்தான்.

கடையில் கூட்டம். பஞ்சவர்ணம் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலையும் வரைக்கும் நின்றேன். வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

“அம்மா, உங்க அம்மாவுக்குச் சோணை மடியிலதானே காது குத்துனாங்க? அவரு வேற பிள்ளைக்கும் மடி குடுத்திருக்காரா?”

அவர் கையிலிருந்த தேங்காய் அப்படியே நின்றது. பக்கத்துப் பூக்காரம்மாவைக் கூப்பிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

“கண்டுபிடிச்சிட்டீகளா?” என்றார்.

சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“எங்க அம்மாச்சிய மொதல்ல மேக்க கட்டிக் குடுத்தாக. புருஷன் பாம்பு கடிச்சுச் செத்துட்டாரு. சின்ன வயசு. அண்ணன்காரரு, அதான் சோணைத் தாத்தா, போயிக் கூட்டியாந்துட்டாரு. பிள்ளையக் குடுக்க மாட்டேன்னுட்டாக. பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம், அதான வழக்கம். அப்புறம் இங்கிட்டு என் தாத்தாவுக்கு ரெண்டாந்தாரமா குடுத்தாக. அங்க அந்தப் பிள்ளைகிட்ட ஒன் ஆத்தா செத்துட்டான்னு சொல்லியே வளத்திருக்காக.”

“சோணை மட்டும் எப்படிப் போனாரு?”

“காதுகுத்துன்னு யார் மூலமோ தாக்கல் வந்துச்சாம். மாமன் மடி இல்லாம பிள்ளை அநாதையா ஒக்காரக் கூடாதுன்னு இவரா போயிருக்காரு. குலசாமி கோயில்ல வச்சு மடி குடுக்க மட்டும் விட்டாகளாம். சாப்பிடுன்னு ஒருத்தர் சொல்லல. பசியோட நடந்தே வந்தாருன்னு எங்க அம்மாச்சி சொல்லிச் சொல்லி அழுவா.”

“பவித்ரா யாருன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“வீட்டுக்கு மொத தடவ வந்தன்னைக்கே. அம்மாச்சி பேரு என்னம்மான்னு சும்மா கேட்டேன். பேச்சின்னுச்சு, ஊரச் சொல்லுச்சு. சாகுற வரைக்கும் எங்க அம்மாச்சி பேச்சி, பேச்சின்னே பொலம்புனவ. விட்டுட்டு வந்த பிள்ளையோட பேத்தி தானா நடந்து என் வாசலுக்கு வருது. நான் கதவச் சாத்தவா?”

எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒளிக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே சொன்னேன்.

“அது உங்க ஆசைம்மா. கழுத்தை நீட்டப் போறது அந்தப் பிள்ளை. தெரிஞ்சு நீட்டணும். நான் சொல்ல மாட்டேன், சொல்ல எனக்கு உரிமையில்ல. நீங்க போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னு தெரியுற வரைக்கும் பிளெக்ஸ் அச்சுக்குப் போகாது.”

“கல்யாணம் நின்னுபோச்சுன்னா?”

பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அச்சகத்துக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்தினார். பவித்ரா என் போனை எடுக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு மனம். இல்லை, இல்லை என்று இன்னொரு மனம். வீட்டில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். கல்யாணம் நின்றால் அந்தப் பெண் என்ன செய்துகொள்வாளோ என்பதுதான் எனக்கிருந்த பெரிய பயம்.

ஒரு நாள் காலை அலுவலகம் திறந்ததும் பவித்ராவும் விஜயலட்சுமியும் வந்து நின்றார்கள். இருவர் கண்ணும் வீங்கியிருந்தது. விஜயலட்சுமிதான் பேசினார்.

பஞ்சவர்ணம் மகனையும் கூட்டிக்கொண்டு கோச்சடைக்கு வந்து, நடு வீட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். பவித்ராவின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டாராம். “நான் அசலுன்னு பாத்தேன், இது அசலே இல்லையே” என்று மட்டும் முனகினாராம். அவளுடைய சித்தப்பாதான் குதித்திருக்கிறார். “அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டி வைக்கச் சொல்றீகளா? ஊரு காறித் துப்பாது?” பவித்ராவும் சரவணனும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லையாம். கல்யாணம் அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டிலேயே மகளோடு இருக்கும் பேச்சி, கட்டிலில் இருந்தபடியே பஞ்சவர்ணத்தைப் பக்கத்தில் கூப்பிட்டிருக்கிறார்.

“எங்க ஆத்தா எப்பச் செத்தா?”

“இவன் பள்ளிக்கூடம் போற வயசுல, பெரியம்மா.”

“அம்புட்டு நாளு இருந்தாளா?” பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாராம். “என்னையக் கேட்டாளா?”

“ஒங்கள மட்டும்தான் கேட்டா.”

பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்துச் சொன்னாராம். “செத்துட்டான்னு சொன்னாக, நான் நம்புனதில்ல. என்னைய அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தரும் வரல. எம் பேத்தியாச்சும் போகட்டும்.”

“அப்ப முறை?” என்று சித்தப்பா கேட்டிருக்கிறார்.

“முறை, வழக்கம்னு சொல்லித்தான் என்னைய ஆத்தாகிட்ட இருந்து பிரிச்சாக. நான் பட்டது போதும்.”

குலசாமி வேறு, அப்பா வழியில் பங்காளி இல்லை, பெண் வழியில் இத்தனை தலைமுறை தள்ளி யார் பார்க்கிறார்கள் என்று அதன் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு வழி கண்டார்களாம். அதற்கு முன்னால் பவித்ராவின் அப்பா மகளையும் சரவணனையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இருவரும் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கத்தான் நான் அத்தனை பாடுபட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது முறையான கல்யாணமா என்று என்னைக் கேட்டால், தெரியாது. சித்தப்பா கோபித்துக்கொண்டு போனவர்தான், அந்தக் கல்யாணத்துக்கு வரவே இல்லை. அவர் கோபத்தையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

“ரெண்டு பேரையும் சேத்துருங்கக்கா,” என்றாள் பவித்ரா. “மறைச்சு வைக்க வேணாம். எல்லாரும் பாக்கட்டும்.”

மூலக் கோப்பைத் திறந்தேன். அந்தச் சோடி இன்னும் ‘பிறகு பார்க்கலாம்’ என்றே காத்திருந்தது. ‘இணை’ பட்டனை அழுத்தினேன். இணைக்கும்போது ஒரு பக்கத்துப் படம் மறு பக்கத்துக்கும் வந்துவிடும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேச்சிக்கு மேலே இருந்த சாம்பல் நிறக் கட்டத்தில் அழகம்மாளின் முகம் வந்து உட்கார்ந்தது. விஜயலட்சுமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க அம்மா மூக்கு” என்றார். ஒரு பிரதி எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பிளெக்ஸில் இடது மரம் வலது மரம் என்று பிரிக்கவில்லை. அழகம்மாளை நடுவில் மேலே வைத்தேன். அவரிடமிருந்து இரண்டு கோடுகள் பிரிந்து இறங்கி, கீழே பவித்ராவிடமும் சரவணனிடமும் வந்து சேர்ந்தன.

கல்யாணத்தன்று சும்மா இருக்க முடியாமல் நானும் மண்டபத்துக்குப் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. பிளெக்ஸ் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டது. கேட்டு முடிந்தும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

நான் பயந்தபடியே ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், வயதானவர். பிளெக்ஸ் முன்னால் நின்று, மேலிருந்து கீழாக விரலை ஓட்டி ஓட்டி வாசித்தார். அழகம்மாளிடம் விரல் நின்றது. அங்கிருந்து பக்கவாட்டில், அண்ணன் சோணை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்த பெயருக்குப் போனது.

“இத எழுதுனது யாரும்மா?”

“நான்தான்யா.”

“நான் சோணை மகன். திருவாதவூர்ல இருந்து வாரேன். பேச்சி மகதான் நேர்ல வந்து பத்திரிகை வச்சுச்சு.” மறுபடியும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்கப்பா இந்த வீட்டு விசேஷத்துக்கு வந்து பச்சத் தண்ணி குடிக்காமத் திரும்பினாரும்மா. பந்தி எந்தப் பக்கம் நடக்குது?”

நாற்காலியை விட்டு எழுந்து, நானே அவரைக் கூட்டிக்கொண்டு போய், இலை முன்னால் உட்கார வைத்தேன்.